மௌனக் கூண்டின் கூலி

முந்நூற்று எண்பத்தைந்து பவுண்டு. ஸ்கெல்பெக் ஊர்மன்றம் எனக்குத் தர வேண்டியிருந்த தொகை அது. ஆள் உள்ளே நின்று பேசுகிற அந்தச் சிவப்பு டெலிபோன் பெட்டியைத் தூக்கி நிமிர்த்தி, சுரண்டி, கதவைச் சரிசெய்து, கண்ணாடி போட்டு, பெயிண்ட் அடித்துக் கொடுத்ததற்குக் கூலி. அதில் நூற்றிருபது என் தங்கை புருஷன் கிளெமுடையது. கிரேன் லாரி அவனுடையது. மிச்சம் என் முதுகுடையது.

மன்றத்தில் யாரும் திருடர்கள் இல்லை. திருடனாக இருந்தால் கழுத்தைப் பிடித்துக் கேட்டுவிடலாம். இவர்கள் நல்லவர்கள். நல்லவர்களிடமிருந்து கூலி வாங்குவதைப் போலச் சிரமமான வேலை இந்த நாட்டில் வேறு கிடையாது.

நடந்தது இவ்வளவுதான். மன்றத் தலைவி ரோசாலிண்ட் பெவரெல் அம்மாள் என் வாசலுக்கு வந்தாள். லண்டனில் வக்கீலாக இருந்து ஓய்வு பெற்று, எங்கள் பள்ளத்தாக்கின் அழகைக் காப்பாற்ற வந்தவள். அதுவரை அது எங்களிடம் மாட்டிக்கொண்டு தவித்ததாம்.

"ஹெட்லி, பெட்டி வேலைக்கு நாங்க உங்களுக்கு என்ன தரணும்?"

"லாரியும் சேத்து முந்நூத்தி எண்பத்தஞ்சு ஆகும்மா. அதுக்கென்ன இப்போ, அப்புறம் பாத்துக்கலாம்."

அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றால் எங்கள் பக்கத்தில் வேலை முடிந்ததும் கொடு என்று பொருள். எந்தக் கொத்தனைக் கேட்டாலும், எந்த ஆட்டுக்காரனைக் கேட்டாலும் சொல்வான். முகத்துக்கு முகம் காசு பேசுவது மரியாதை இல்லை என்று எங்களை வளர்த்தார்கள். அவளை வளர்த்த இடத்தில் அதே பேச்சுக்கு "எனக்கு வேண்டாம்" என்று பொருள். அவள் கண் கலங்கியது. "ஓ, ஹெட்லி!" என்று என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வேலை கொடுப்பவள் எதற்கு உருகுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. லண்டன் பக்கத்துத் தெற்கத்திக்காரர்கள் மழை பெய்தாலும் உருகுவார்கள், வெயிலடித்தாலும் உருகுவார்கள். அப்படித்தான் என்று விட்டுவிட்டேன்.

அந்தப் பெட்டிமேல் எனக்கு எந்தப் பாசமும் இல்லை. இப்போது அதைப் பற்றி ஊரில் பேசுகிறவர்களைக் கேட்டால் கோயில் கோபுரமே தோற்றுப்போகும். நான் அதற்குள் நின்றவன். மூத்திர நாற்றமும் ஈர சிகரெட் நாற்றமும் அடிக்கும். கதவைத் தோளால் முட்டித்தான் திறக்க வேண்டும், அவ்வளவு கனம். உள்ளே நீங்கள் உங்கள் தாய் செத்த செய்தியைச் சொல்லிக்கொண்டிருப்பீர்கள், வெளியே ஒருவன் கண்ணாடியில் காசைத் தட்டிக்கொண்டு இருமுவான். தட்டுவான், ஆனால் வாயைத் திறந்து "முடிங்க" என்று சொல்லமாட்டான். அது மரியாதை இல்லையல்லவா.

அது சிவப்பாக இருப்பதே ஒரு கூத்து. ராஜாவின் வெள்ளிவிழா நடந்த காலத்தில் கிராமத்துக்குக் கிராமம் இந்தப் பெட்டியைக் கொண்டுவந்து நட்டார்கள். எங்கள் ஊருக்கு வந்தபோது, வெளியிலிருந்து குடிவந்த பெரிய வீட்டுக்காரர்கள் எகிறிக் குதித்தார்களாம். பச்சை மலைக்கு நடுவே இதென்ன பெயிண்ட் டப்பா, கண்ணைக் குத்துகிறது, அழகு போச்சு என்று மனுமேல் மனு. கடைசியில் சாம்பல் நிறம் அடித்து, சன்னல் கம்பிகளுக்கு மட்டும் சிவப்பு விட்டார்கள். பனி நாளில் கல்சுவருக்கும் பெட்டிக்கும் வித்தியாசம் தெரியாது. வைத்தியரைக் கூப்பிட ஓடியவன் அதைத் தாண்டி ஓடிவிட்டுத் திரும்பி வந்ததாக அப்பா சொல்லிச் சிரிப்பார். யுத்தமெல்லாம் முடிந்து எவ்வளவோ காலம் கழித்துத்தான் சிவப்பு வந்தது.

நான் பழைய பெயிண்டைச் சுரண்டும்போது அடியிலிருந்து அந்தச் சாம்பல் எட்டிப் பார்த்தது. பெவரெல் அம்மாள் பதறிவிட்டாள்.

"ஐயோ, யாரு இதை இப்படி நாசம் பண்ணினது?"

"உங்களை மாதிரி இங்க குடிவந்தவங்கதாம்மா."

அவள் அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டு சிரித்தாள். அவர்களைத் திட்டினால்கூட உறைக்காது. பட்டிக்காட்டானின் நகைச்சுவை என்று எடுத்து ரசிப்பார்கள்.

பெட்டி மன்றத்தின் கைக்கு வந்த கதையும் அதே லட்சணம்தான். இந்தப் போனில் ஆள் பேசுவதே இல்லை, எடுத்துவிடப் போகிறோம், ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள் என்று டெலிபோன் கம்பெனி பெட்டிக்குள் ஒரு தாள் ஒட்டியது. கூடவே ஒரு சலுகை: போனைக் கழற்றிக்கொள்கிறோம், வெறும் பெட்டி வேண்டுமானால் ஒரு பவுண்டுக்கு ஊரே வைத்துக்கொள்ளலாம். எங்கள் ஊரில் கைபேசி செத்த எலி மாதிரி. நாலு பக்கமும் மலை, சிக்னல் ஒரு கோடுகூட வராது. நான் மன்றக் கூட்டத்தில் எழுந்து நின்றேன்.

"போனை விட்டுவைக்கச் சொல்லுங்க. பெட்டிய எடுத்துட்டுப் போகட்டும்."

பொருளாளர் ஜூலியன் கோட்ஸ்வர்த் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். வங்கியில் பெரிய வேலையில் இருந்தவர். "ஹெட்லி, எல்லார் வீட்லயும்தான் போன் இருக்கே?"

"ரோட்ல போறவனுக்கு?"

"ரோட்ல போறவன் இங்க வரி கட்டலையே."

எல்லாரும் சிரித்தார்கள். தீர்மானம் நிறைவேறியது. ஊருக்குப் போன் வேண்டாம், பெட்டி வேண்டும். பசுவை விற்றுவிட்டுத் தொழுவத்துக்குப் பூச்சூட்டுகிற ஜாதி.

அடுத்து அதில் என்ன வைப்பது என்று மூன்று கூட்டம். புத்தகம் வைக்கலாம் என்றார் ஒருவர். மேலூரில் வைத்துவிட்டார்களே என்றார் இன்னொருவர். நின்ற இதயத்தை உதைத்து எழுப்பும் அந்த மின்சாரப் பெட்டியை வைக்கலாம் என்றால், அது சமூகக்கூடத்துச் சுவரில் ஏற்கெனவே இருக்கிறது. சின்ன ஓவியக் கூடம் என்றால், கீழூர்க்காரர்கள் முந்திக்கொண்டார்கள். கடைசியில் பெவரெல் அம்மாளுக்கு ஞானம் பிறந்தது. மௌனக் கூண்டு. உள்ளே ஒரு இருக்கை, ஒரு மெத்தை, ஒரு பலகை. மனிதன் உள்ளே போய்ப் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டியது. பேசுவதற்கென்றே செய்த பெட்டியில், காசு போட்டுப் பேசின இடத்தில், சும்மா இருக்கப் பயிற்சி. அதற்கு ஒரு அறக்கட்டளை ஆயிரத்தைந்நூறு பவுண்டு தர ஒத்துக்கொண்டது. பழமையைக் காக்கிறவர்களாம்.

கிளெமும் நானும் போனோம். ஓடை பெருகி அரித்ததில் பெட்டி ஒரு பக்கம் சாய்ந்து குடிகாரன் மாதிரி நின்றது. முழுக்க வார்ப்பிரும்பு, முக்கால் டன் கனம். வாரைப் போட்டுத் தூக்கி, அடியில் கான்கிரீட் ஊற்றி, மறுபடி இறக்கினோம். தேக்குக் கதவின் அடிக்கட்டை உளுத்திருந்தது, புதுசு வெட்டிச் செருகினேன். உச்சியில் நாலு பக்கமும் இருக்கிற கிரீடத்துக்குத் தங்க நிறம் அடிக்கலாமா கூடாதா என்று அவர்கள் அதற்கு ஒரு கூட்டம் போட்டார்கள். அந்தக் கூட்டம் முடியும்வரை நான் தூரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு ஏணிமேல் நிற்காத குறை.

திறப்பு விழா நாளில் ரிப்பன், வெள்ளை ஒயின், தட்டில் விரல் நீளத்துக்கு வெள்ளரிக்காய் ரொட்டித் துண்டுகள். கிளெம் ஒரே வாயில் நாலைப் போட்டுக்கொண்டு, "மச்சான், இதுல ரொட்டி எங்கடா?" என்றான். பெவரெல் அம்மாள் மைக்கைப் பிடித்தாள்.

"இந்தக் கூண்டுக்குப் பின்னாடி ஒரு பெரிய மனசு இருக்கு. எவ்வளவு தரணும்னு நான் கேட்டப்ப, அதுக்கென்ன இப்போன்னு சொல்லிட்டாரு. தன்னோட உழைப்பு மொத்தத்தையும் ஊருக்குத் தானமாக் கொடுத்த நம்ம ஹெட்லி ரைஸ்ட்ரிக்!"

கைதட்டல். எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். ஒரு பித்தளைத் தகட்டைத் திரை விலக்கிக் காட்டினார்கள். அதில் கொடையாளி என்று என் பெயர்.

கிளெம் மெல்லுவதை நிறுத்தினான். "தானமா? என் லாரியுமா?"

"சும்மா இருடா."

"நான் எதுக்குடா சும்மா இருக்கணும்? தானம் பண்ண நான் என்ன கர்ணன் பரம்பரையா? டீசல் தண்ணியிலயா ஓடுச்சு?"

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும் என்பீர்கள். அறுபது பேர் கையைத் தட்டிக்கொண்டிருக்கும்போது "இல்லை, காசு வேண்டும்" என்று கத்துகிறவனை இந்த நாடு இன்னும் பெறவில்லை.

மறுநாள் கோட்ஸ்வர்த் வீட்டுக் கதவைத் தட்டினேன். நாய்க்குட்டியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்.

"அந்தப் பெட்டி விஷயமா வந்தேன் சார்."

"அற்புதமான வேலை!"

"ஆமா. அதுக்கான காசு..."

அவர் முகம் சிவந்தது. நான் பேன்ட்டை அவிழ்த்திருந்தால்கூட அவ்வளவு சிவந்திருக்காது. நாய்க்குட்டியை இறக்கிவிட்டார். பிறகு விளக்கினார். அறக்கட்டளை காசு தர வேண்டுமானால் ஊரும் தன் பங்கைப் போட வேண்டுமாம். பணமாகப் போடலாம், உழைப்பாகவும் போடலாமாம். என் முந்நூற்று எண்பத்தைந்தைத்தான் ஊர்ப் பங்கு என்று காட்டியிருக்கிறார்கள்.

"இப்ப உங்களுக்குக் கொடுத்தா, நீங்க கொடுத்தது கொடை இல்லைன்னு ஆயிடும் பாருங்க. மீதி நிதி வராது. நுட்பமான விஷயம்."

"நான் கொடுக்கவே இல்லையே சார்?"

"அந்தம்மாகிட்ட அப்படிச் சொன்னீங்களாமே."

"அப்புறம் பாத்துக்கலாம்னு சொன்னேன்."

"அதான்," என்றார்.

ஒரே பாஷையைப் பேசிக்கொண்டு இரண்டு தேசத்தில் வாழ்கிறோம். வேறு என்ன சொல்ல.

கிளெமுக்கு இது எதுவும் ஏறவில்லை. ஏறவும் வேண்டியதில்லை. லாரித் தவணை அவன் தலைமேல் உட்கார்ந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் மாட்டிறைச்சிச் சாப்பாடு எனக்கு வழக்கம். அந்த வாரம் போனால் என் இடத்தில் தட்டு இல்லை.

"தட்டு எங்கம்மா?" என்றேன் தங்கையிடம்.

கிளெம் பதில் சொன்னான். "ஊருக்கே அள்ளிக் கொடுக்கற மவராசனுக்கு நம்ம வீட்டுக் கஞ்சி எதுக்கு? நூத்தி இருபதைக் கொண்டு வா மச்சான், தட்டு தானா வரும்."

தங்கை அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். நான் தொப்பியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. கேட்க வேண்டியதைக் கேட்கத் தெரிந்த ஒரே ஆள் இந்த ஊரில் அவன்தான்.

அந்த மாசமே அறக்கட்டளை ஆள் ஒருத்தி பார்வையிட வருகிறாள் என்று செய்தி வந்தது. பார்த்துவிட்டுக் கொடையாளியிடம் இரண்டு வார்த்தை பேசினால் மீதிப் பாதிப் பணம் வரும். அவள் வருகிற நாள் காலை பெவரெல் அம்மாள் எலுமிச்சைக் கேக்கோடு என் வீட்டுக்கு வந்தாள். கேக்குக்கு அடியில் ஒரு உறை.

"இது என்னோட சொந்தக் காசு, ஹெட்லி. முந்நூத்தி எண்பத்தஞ்சு. நம்ம ரெண்டு பேருக்குள்ள ஒரு அன்பளிப்புன்னு வச்சுக்குங்க. அவங்க கேட்டா மட்டும், மனசாரக் கொடுத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"கூலின்னு சொல்லிக் கொடுங்கம்மா, வாங்கிக்கறேன்."

"கூலின்னு சொன்னா சிக்கல். அன்பளிப்புன்னா ஒரு சிக்கலும் இல்லை."

உண்மையைச் சொல்கிறேன், நான் உறையை வாங்கி வைத்துக்கொண்டேன். முட்டி வலிக்கிற வயசில் சொல்லைப் பிடித்துக்கொண்டு எவன் தொங்குவான்? அன்பளிப்போ ஆட்டுப் புழுக்கையோ, கிளெமுக்கு நூற்றிருபது போய்ச் சேர்ந்தால் போதும் என்று இருந்தது. சொல்லிவிடலாம் என்றே முடிவுபண்ணிச் சட்டையை மாற்றிக்கொண்டு புறப்பட்டேன்.

பாலத்தைத் தாண்டும்போது மலைப்பாதையிலிருந்து ஒரு பெண் ஓடி வந்தாள். நடைப்பயணம் வந்தவள், முழங்கால்வரை சேறு. மேலிருந்து சிவப்பைப் பார்த்துக் குறிவைத்து ஓடி வந்திருக்கிறாள். நேராகப் பெட்டிக்குள் புகுந்தாள். கதவு என் கைவேலை, வழுக்கிக்கொண்டு திறந்தது. உள்ளே சுவரைத் தடவினாள். மெத்தையைத் தூக்கிப் பார்த்தாள். இருக்கைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். வெளியே வந்து என்னைப் பார்த்தாள்.

"போன் எங்கே? எங்க வீட்டுக்காரர் மலையில விழுந்து கிடக்கறாரு, கால் முறிஞ்சிருச்சு. போன் எங்கேங்க?"

"எடுத்துட்டாங்க கண்ணு."

"அப்ப இது என்னது?"

எழுத்து எனக்கு நாற்பது வயசுக்கு மேல்தான் வந்தது. அதனால் எந்தப் பலகையைப் பார்த்தாலும் கடைசி எழுத்துவரை வாசித்துவிடுவேன். அந்தப் பெண்ணின் தோளுக்குப் பின்னால் பலகை தெரிந்தது. நில். மூச்சு விடு. உன்னையே கேள். அதை அவளுக்கு வாசித்துக் காட்ட எனக்கு வாய் வரவில்லை.

என் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன். போனைக் கையில் கொடுத்தேன். மலை மீட்புக்காரர்கள் வந்தார்கள், ஸ்ட்ரெச்சரில் இறக்கினார்கள். கால்தான், உயிருக்கு ஒன்றுமில்லை. தூக்கிப் போகும்போது அவள் புருஷன் எனக்கு நன்றி சொன்னான், தொந்தரவுக்கு மன்னிப்பும் கேட்டான். கால் திரும்பிக் கிடக்கிறது, மன்னிப்புக் கேட்கிறான். இந்த நாட்டைத் திருத்த முடியாது.

நான் பெட்டிக்குத் திரும்பியபோது மன்றத்தார் எல்லாரும் சுற்றி நின்றார்கள். அறக்கட்டளைப் பெண்ணும் வந்துவிட்டாள். ஓகில்வி என்று பெயர், சின்ன வயசு, ரப்பர் பூட்ஸ். நடந்தது அவர்கள் காதுக்கும் எட்டியிருந்தது.

"பாவம், பதறிப்போயிருப்பாங்க," என்றாள் பெவரெல் அம்மாள்.

கோட்ஸ்வர்த் தலையை ஆட்டினார். "இது அலங்காரத்துக்கு மட்டும்னு ஒரு அறிவிப்பு வச்சிடலாம். மலையிலேருந்து பாத்தாலே தெரியற மாதிரி."

"சிவப்பு இருக்கே சார், அது போதாதா தெரியறதுக்கு?" என்றேன்.

ஓகில்வி என்னிடம் வந்தாள். "நீங்கதான் மிஸ்டர் ரைஸ்ட்ரிக்கா? இந்த வேலையை ஊருக்கு இலவசமாச் செஞ்சு கொடுத்தீங்களாமே?"

பெவரெல் அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். சட்டைப்பையில் உறை இருந்தது. ஒரு வார்த்தை, மனசாரக் கொடுத்தேன் என்கிற ஒரு வார்த்தை. மனசாரவாம். இந்த ஆட்களுக்கா? தாகத்துக்கு வந்தவளிடம் வெறும் குடத்தைக் காட்டிவிட்டு, குடத்தில் "இது வெறும் குடம்" என்று எழுதி வைக்கலாம் என்று யோசிக்கிற இந்தக் கூட்டத்துக்கு நான் தானம் பண்ணியதாக என் வாயாலேயே சொல்வதா? காசு போனாலும் போகட்டும் என்று தோன்றியது.

"இல்லைங்க," என்றேன். "கூலிக்குச் செஞ்சேன். முந்நூத்தி எண்பத்தஞ்சு. இன்னும் தரலை."

உறையை எடுத்துப் பெவரெல் அம்மாளிடம் நீட்டினேன். "இந்தாங்கம்மா. கேக்கை மட்டும் வச்சுக்கறேன், பாதி சாப்பிட்டாச்சு."

ஓடைச் சத்தம் நன்றாகக் கேட்டது. அந்தக் கூண்டை வைத்ததிலிருந்து ஊரில் அன்றைக்குத்தான் உண்மையான மௌனம்.

கோட்ஸ்வர்த் தொண்டையைக் கனைத்தார். "சின்னத் தவறான புரிதல் போலிருக்கு..."

ஓகில்வி அவரை விசித்திரமாகப் பார்த்தாள். "அப்படின்னா அவருக்குக் கொடுத்துடுங்களேன்? ஊரோட பங்கு உழைப்பாத்தான் இருக்கணும்னு இல்லையே. பணமாப் போட்டதா எழுதிக்கறேன். அவருக்குக் கொடுத்ததுக்கு ரசீதை அனுப்புங்க, மீதிப் பணத்தை அனுப்பிடறேன்."

"அவ்வளவுதானா?" என்றேன்.

"அவ்வளவுதான். கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனே."

கேட்டிருந்தால்! வக்கீலும் வங்கிக்காரரும் சேர்ந்து ஒரு மன்றம், அதில் ஒருவருக்கும் ஒரு கேள்வி கேட்க வாய் இல்லை. கேட்டால் அவள் என்ன நினைப்பாளோ என்று வெட்கம். அந்த வெட்கத்துக்கு வாடகை கொடுத்தது என் முதுகும் கிளெமுடைய டீசலும்.

கொடுத்துவிடுகிறோம் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்கள். ஆனால் கையில் பணம் இல்லை. பித்தளைத் தகட்டுக்கும் ஒயினுக்கும் போய்விட்டது. தகட்டுக்கு மட்டும் நானூறுக்கு மேலாம், என் கூலியைவிட அதிகம். அதனால் ஊர்மன்றம் கூடி, வருகிற ஏப்ரலிலிருந்து வீட்டு வரியில் மன்றத்தின் பங்கைக் கொஞ்சம் கூட்டி, அதிலிருந்து எனக்குத் தருவது என்று தீர்மானம் போட்டது. குளிர்காலம் முழுக்க சாராயக்கடையில் எனக்குப் பக்கத்து ஸ்டூல் காலி. என்னால் வரி ஏறிற்று என்று பேச்சு. என் முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை, அதற்கும் ஒரு வாய் வேண்டும். கிளெம் மட்டும் வந்து உட்கார்ந்தான்.

"தானப் பிரபுவே, ஒரு பியர் சொல்லட்டுமா?"

"உன் கணக்குலயா?"

"என் நூத்தி இருபது வரட்டும், அதுவரைக்கும் உன் கணக்கு."

ஏப்ரலில் செக் வந்தது. கோட்ஸ்வர்த் அதைத் தபால் துளையில் போட்டுவிட்டுக் கதவைத் தட்டாமல் போய்விட்டார். தொகை சரி. எதற்கு என்று எழுதுகிற இடத்தில் "உழைப்பு" என்று இருந்தது. கூலி என்று எழுத அப்போதும் கை வரவில்லை அவருக்கு. வங்கியில் மாற்றி, நூற்றிருபதை எண்ணிக் கிளெம் கையில் வைத்தேன். அவன் ஒருமுறை எண்ணிவிட்டு, "ஞாயித்துக்கிழமை சீக்கிரம் வா," என்றான்.

அதே வாரம் என் வீட்டு வரிச் சீட்டும் வந்தது. என் கூலிக்காக ஏற்றியதில் என் வீட்டுப் பங்கு நாலு பவுண்டு எண்பது பென்ஸ். ஆக என் கூலியில் நாலு பவுண்டு எண்பதை எனக்கு நானே கொடுத்துக்கொண்டிருக்கிறேன். கட்டிவிட்டேன். மன்றம் எனக்குத் தர வேண்டியது எதுவுமில்லை, நான் மன்றத்துக்குத் தர வேண்டியதும் எதுவுமில்லை.